சங்கத்து அடமானம் காத்த வீடு

என் தங்கச்சி மாப்பிள்ளை மாயகிருஷ்ணனுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. நான் ஏதோ அவரைப் புகழ்வதாக நினைத்துவிட வேண்டாம். அது ஒரு வியாதி. கோவில்பட்டியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மகள் பொன்மணியின் காதுகுத்துக்கென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பெரிய அண்டாவை, முதல் நாள் யாரோ வந்து கெஞ்சினார்கள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். மறுநாள் சொந்த மகள் விசேஷத்துக்கு எதிர்க்கடையில் போய் அண்டா வாடகைக்கு எடுத்தார். எதிர்க்கடைக்காரர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லித்தான் வியாபாரம் பிடிக்கிறார்.

அண்டா போனால் போகட்டும். கடம்பூரில் ஒரு பங்காளிக்குச் சீட்டு ஜாமீன் போட்டார். அவன் சீட்டை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான், இவர் உட்கார்ந்து கட்டினார். அதோடு திருந்தினாரா என்றால் இல்லை. அடுத்து மணியாச்சியில் ஒருத்தன் பைக் லோனுக்குக் கையெழுத்துக் கேட்டான். பேனா இருக்கிறதா என்றுதான் இவர் திருப்பிக் கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சொந்த வீடு இருக்கிறது, அது இன்னும் அவரிடமே இருக்கிறது என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் நம்பிக்கை வராது. ஏனென்றால் எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஒருத்தர் வீடு கட்டிப் பால் காய்ச்சினால், வந்த உறவுக்காரர்கள் எத்தனை ரூம், தண்ணீர் வசதி உண்டா என்றெல்லாம் பிறகுதான் கேட்பார்கள். முதல் கேள்வி, “பத்திரம் கையில இருக்கா?” என்பதுதான். இங்கே தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு, மிட்டாய் என்று ஆளுக்கொரு தொழில். தொழிலுக்கு பேங்க் கடன் வேண்டும், கடனுக்கு ஈடு வேண்டும். அவனவன் பத்திரம் ஏற்கெனவே பேங்கில் படுத்திருக்கும். ஆகவே அடுத்தவன் பத்திரம். சொந்தக்காரனுக்குப் பத்திரம் கொடுத்து உதவுவது எங்களுக்கு மொய் எழுதுகிற மாதிரி. கொடுக்காவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நடக்கும்.

மாப்பிள்ளையிடமும் எல்லோரும் கேட்டார்கள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் கேட்டேன். பசுவந்தனை ரோட்டில் எனக்கு சிமெண்ட் கடை. பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பெரிசாக்கலாம் என்று நினைத்து அவரிடம் போனேன். மனிதர் கண் கலங்கிவிட்டார்.

“மச்சான், உங்களுக்கு இல்லாத பத்திரமா? என்ன செய்ய, சங்கத்துல கெடக்கே! ஈ.சி. போட்டுப் பாருங்க. அடமானம் அப்படியே நிக்குது.”

சங்கம் என்றால் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம். அதில் கடன் வாங்கித்தான் அவர் வீடு கட்டினார். மனைப் பத்திரத்தைச் சங்கத்தில் கொடுத்து, அடமானத்தையும் ரிஜிஸ்டர் செய்திருந்தார். இப்போதெல்லாம் ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்று பார்க்க ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம், செல்போனிலேயே பார்க்கலாம். பார்த்தேன். சங்கத்தின் பெயரில் அடமானம் கல்லுப் போல நின்றது. அப்படி நின்றால் எந்த பேங்கும் அந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கடைசியில் நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. “விடுங்க மாப்பிள்ளை, கடன் இல்லாத மனுசன் யாரு?” என்று சொல்லி, என் காசில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து என் தங்கச்சி செண்பகவல்லியை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். அந்த வீட்டுக்கு வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. எங்கள் ஊர் கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வாய் பிளக்கும். அந்தப் பிளவு அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. பாவம், பூசக்கூட வழியில்லை போல என்று கடையிலிருந்து ரெண்டு மூட்டை சிமெண்ட் சும்மா அனுப்பினேன். அதை அவர்கள் பிரிக்கவே இல்லை, கட்டியாகிப் போனது. கொத்தனார் கூலிக்குக்கூட இல்லையே என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டேன்.

போன ஆவணியில் எல்லாம் வெளியே வந்தது. முகூர்த்த சீசன். நான் சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்று மாப்பிள்ளையின் கடைக்குப் போயிருந்தேன். பெருமாள்சாமி சித்தப்பாவும் அங்கே இருந்தார். அவர் மாப்பிள்ளைக்குச் சொந்தச் சித்தப்பா. ஆடு மேய்த்த குடும்பத்தில் முதன்முதலில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்தவர். மாப்பிள்ளையைப் படிக்க வைத்ததும், என் தங்கச்சியைப் பெண் கேட்டு வந்ததும் அவர்தான். பேத்தி சடங்குக்குப் பாத்திரம் சொல்ல வந்திருந்தார்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து சங்கத்துச் செயலாளர் முத்துசெல்வி இறங்கி நேராக மாப்பிள்ளையிடம் போனார்.

“அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன். உங்க பத்திரத்த வாங்கிக்கிடுங்க!”

கரண்டி எண்ணிக்கொண்டிருந்த கடைப் பையன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். மாப்பிள்ளை முகம் வெளிறிப் போனது. “யம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க,” என்றார்.

“எத்தன லெட்டர் போட்டேன்! போன் போட்டா எடுக்க மாட்டேங்கீங்க. சங்கத்த இன்னொரு சங்கத்தோட சேக்கப் போறாவ. எல்லாரும் பத்திரத்த வாங்கிட்டுப் போயாச்சு. எங்க பீரோவுல உங்களது ஒண்ணுதான் கெடக்கு. கடனக் கட்டி முடிச்சுப் பதினோரு வருசமாச்சு, இன்னமும் வந்து வாங்கல. உலகத்துல எங்கனயாவது இப்படி உண்டா?”

பதினோரு வருஷம்! நான் டீ வாங்கிக் கொடுத்ததற்கு முன்னாலேயே கடன் முடிந்திருக்கிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

மாப்பிள்ளை அந்தப் பெண்ணை அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நான் விடுவேனா? பின்னாலேயே போனேன்.

“அந்த அடமானம் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேம்மா. சங்கத்துக்கு என்ன நட்டம்?” என்று கெஞ்சினார்.

“கடனே இல்லாம அடமானம் எப்படி அண்ணாச்சி நிக்கும்? நீங்க கடைசிப் பாக்கியக் கட்டுன அன்னைக்கே அதுக்கு உசுரு போயிட்டு. கடன் தீந்துச்சுன்னு நாங்க ரசீது எழுதி ரிஜிஸ்டர் பண்ணணும். அதுக்கு நீங்க வரல. அதனால ஈ.சி.யில பேரு மட்டும் நிக்குது. பாக்கிறவங்களுக்கு உசுரோட இருக்கிற மாதிரி தெரியும், அம்புட்டுதான்.”

“அப்ப ஒரு நூறு ரூவா கடன் குடுங்க. புதுசா ஒரு அடமானம் எழுதிப்போடுவோம்.”

முத்துசெல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அண்ணாச்சி, வட்டியத் தள்ளுபடி பண்ணுங்கன்னு எங்ககிட்ட அழுவாவ, அசலத் தள்ளுபடி பண்ணுங்கன்னு அழுவாவ. அடமானம் வேணும்னு அழுதது நீங்க ஒருத்தர்தான்.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “இப்பன்னா நான் கையெழுத்துப் போட்டுத் தந்துருவேன். சங்கம் கைமாறிட்டா யார் கையெழுத்துப் போடணும்னே தெரியாது. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா வீட்டுல அவியளும் பிள்ளையும் கோர்ட்டுக்குத்தான் அலையணும். செத்துப்போன அடமானத்துக்காக அலையணுமா? யோசிச்சுப் பாருங்க.”

 மாப்பிள்ளை வருகிற வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தால், பெருமாள்சாமி சித்தப்பா சந்தோஷமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

“ஏலே மாயா, பத்திரம் கைக்கு வருதாமே! நல்ல நேரத்துல வருது. லைட்டர் வந்து நம்ம தீப்பெட்டியத் தின்னுட்டிருக்கு. பேங்க்ல ஓ.டி. கடனக் கூட்டித் தாரேங்கான், ஈடுதான் கேக்கான். வியாழக்கிழமை நான் காரோட வாரேன். முடிஞ்சதும் நேரா பேங்குக்குப் போயிருவோம்.”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார். பிறகு தலையை ஆட்டினார். அது ஆமாம் என்கிற ஆட்டல் என்று சித்தப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தச் சித்தப்பாவுக்குப் பத்திரம் கொடுத்த மாரிராஜ் என்பவரின் வீட்டைப் போன வருஷம்தான் பேங்க் ஏலத்துக்குக் கொண்டு வந்தது. சித்தப்பா கெட்டவர் இல்லை. அவர் தொழில் மூழ்கிக்கொண்டிருந்தது. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைத்தானே பிடிப்பார். இனி அவர் கையில் கிடைக்கப் போவது என் தங்கச்சி வீடு.

ஆனாலும் அந்த நேரத்தில் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

“ஏட்டி செண்பகம், கடன் முடிஞ்சது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணே. நாலுவழிச் சாலைக்கு எங்க நிலத்துல ஒரு துண்டு போச்சுல்லா, அந்தப் பணத்துலதான் கட்டுனோம்.”

“பின்ன ஏன் பத்திரத்த வாங்கல?”

“கட்டுன மறுநாளே அவிய பெரியப்பா மகன் பத்திரம் கேட்டு வந்தாரு. பத்திரம் சங்கத்துல இருக்குன்னு இவிய உண்மையத்தான் சொன்னாவ. அந்த ஆளு கோவப்படாம, காபியக் குடிச்சுட்டு, பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இவியளுக்கு அன்னைக்கு வந்த நிம்மதி இருக்கே! அது பாட்டுக்கு அங்கனயே கெடக்கட்டும்னு விட்டுட்டோம். அடமானம் நின்னாத்தான் வீடு நிக்கும்னு எனக்கும் பட்டுச்சு.”

“என்கிட்டயுமா மறைக்கணும்?”

“ஒனக்கும் சேத்துத்தான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் ஆரம்பித்துவிட்டாள். கடன்காரர்களாக நடிப்பது அவ்வளவு சுலபமில்லையாம். சுண்ணாம்பு அடித்தால் பணம் ஏது என்று கேட்பார்கள் என்று அடிக்கவில்லை. சுவர் விரிசலைப் பூசினால் வசதி வந்துவிட்டது என்பார்கள் என்று பூசவில்லை. ஃபிரிட்ஜ் வாங்கியபோது அதைப் பந்தல் துணி சுற்றி, கடை வண்டியில் பாத்திரங்களோடு பாத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்தார்களாம். பட்டுச்சேலை எடுத்தால் பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்தப் பக்கம், சொந்தக்காரர் இல்லாத ஊர் கல்யாணத்துக்குத்தான் கட்டுவாளாம்.

“பதினோரு வருசமா இல்லாத கடனுக்கு வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன்ணே,” என்றாள்.

கோபமாகப் போன எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கடையை யாரிடமோ விட்டுவிட்டு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். சித்தப்பா சொன்னதைத் தங்கச்சியிடம் நான்தான் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுபோனது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. “வியாழக்கிழமை அன்னைக்கே வீட்ட செண்பகம் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிப்போடுங்க மாப்பிள்ள. சித்தப்பா கேட்டா, வீடு என் பேருல இல்ல, அவ பேருல இருக்குன்னு சொல்லிரலாம்.”

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. “ஆமா மச்சான்! அதுதான் சரி!”

“சரியே இல்ல,” என்றாள் செண்பகவல்லி. அவள் கண்ணைத் துடைத்த வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு மாப்பிள்ளை பாடு அவ்வளவுதான் என்று. “இத்தன நாளு சங்கத்துக்குப் பின்னால நின்னீங்க. இனிமே எனக்குப் பின்னால நிக்கப் போறீங்களா? எல்லாரும் என்கிட்ட வந்து கேப்பாவ, மாட்டேன்னு சொன்ன பொல்லாத பொம்பள நானாயிருவேன். எனக்கு எழுதி வைக்க வேண்டாம். நீங்க சொல்லணும். உங்க வாயால, சித்தப்பா மூஞ்சியப் பாத்து. இல்ல, அவருக்கே குடுக்கணும்னா குடுத்துருங்க. நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாடகை வீடு பாத்துக்கிடுதேன்.”

வாடகை வீடு என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் ரெண்டு பேரும் வளர்ந்ததெல்லாம் வாடகை வீடுகள்தான். எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று என் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் பாதி கட்டியே வைத்திருப்பாள். அந்தப் பயம் தெரிந்தவள் மாப்பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொன்னாள் என்றால், அது விளையாட்டில்லை. மாப்பிள்ளைக்கும் அது தெரிந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸில் வேலை சீக்கிரமே முடிந்தது. கடன் பூராவும் தீர்ந்தது, சொத்தின் மேல் சங்கத்துக்கு இனி உரிமை இல்லை என்று முத்துசெல்வி ரசீதில் கையெழுத்துப் போட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பழைய பத்திரத்தை அவர் மாப்பிள்ளை கையில் கொடுத்தபோது, மனிதர் பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்து நிழலில் சித்தப்பாவின் கார் நின்றது.

“வாங்கலே, வீட்டுல போய் ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் பேங்குக்குப் போவோம்,” என்றார்.  காரில் போகும்போது நான்தான் பேசினேன். சிமெண்ட் விலை, மழை, உளுந்து விதைப்பு என்று என்னென்னவோ பேசினேன். யாரும் கேட்கவில்லை.

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். செண்பகவல்லி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் உள்ளே போகவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள். சித்தப்பா காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“கொண்டா மாயா.”

மாப்பிள்ளை பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

“என்னலே சொல்லுத? கேக்கல.”

போச்சு, இன்னொரு தடவை சொல்ல வேண்டும். இதற்கு மேல் இவரால் முடியாது என்றுதான் நான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“தர மாட்டேன் சித்தப்பா.”

 “உன்னையப் படிக்க வச்சது யாருலே?” என்று கேட்டார் சித்தப்பா.

“நீங்கதான். கல்யாணம் பண்ணி வச்சதும் நீங்கதான். உங்களுக்கு ஒரு நோவு நொடின்னா நான் வந்து பாக்குதேன். எங்க கூப்பிட்டாலும் வாரேன். இந்த வீடு மட்டும் கேக்காதீங்க. இவளுக்கும் பிள்ளைக்கும் இது ஒண்ணுதான் இருக்கு.”

“அப்ப இத்தன வருசமா அடமானம் அடமானம்னு சொன்னதெல்லாம் ஏமாத்தா?”

“ஆமா சித்தப்பா. உங்க மொகத்தப் பாத்துச் சொல்லத் தைரியம் இல்ல. அதான் சங்கத்த வச்சுச் சொன்னேன்.” அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் பத்திரத்தை விடவில்லை. “இன்னைக்கு நானே சொல்லுதேன். தர மாட்டேன்.”

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சண்டை போடப் போகிறார் என்று நானும் எழுந்தேன். அவர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். “சடங்குக்குப் பாத்திரம் நாளைக்குக் காலையிலேயே வந்துரணும். பிந்துனா பாத்துக்கோ,” என்றார் கோபமாக. கார் கதவைச் சாத்திய சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

 மாப்பிள்ளை தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மச்சான், நீங்களும் கேக்காதீங்க. உங்களுக்கும் தர மாட்டேன்.”

“யோவ், இப்ப நான் எங்கய்யா கேட்டேன்?”

“கேட்டீங்கன்னா சொல்லணும்லா. அதான் முன்கூட்டியே சொல்லிப் பாத்தேன். சொல்ல வருது மச்சான்!” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குக் கோபப்படுவதற்கு எல்லா உரிமையும் இருந்தது, ஆனால் கோபம் வரவில்லை.

செண்பகவல்லி அடுப்படியிலிருந்து வந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பத்திரத்தையும் ரசீதையும் அவர் மடியிலிருந்து எடுத்தாள். வீடு கட்டிக் குடிவந்த பிறகு அவள் அந்தப் பத்திரத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கீழே உட்கார்ந்து, கிழக்கே ரோடு, மேற்கே காலிமனை என்று நாலு எல்லையையும் விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் ரசீதை எடுத்தாள். “மேற்படி சொத்தின் மீது சங்கத்துக்கு இனி யாதொரு...” என்று உதட்டுக்குள்ளேயே மெதுவாகப் படிக்கத் தொடங்கினாள்.

மாப்பிள்ளை எழுந்து போய்த் தெருவைப் பார்த்த ஜன்னல் கதவுகள் ரெண்டையும் திறந்து வைத்தார். “சத்தமாப் படி செண்பகம், தெருவுக்குக் கேக்கட்டும்,” என்றார். அவள் முதலிலிருந்து படித்தாள்.